சியாங் மாயில் ஒரு ஆங்கில வாத்தியாரம்மா

ஆளுக்கு 200 பாட் என்றார் சிவப்பு வண்டிக்காரர். ஒரு பாட் ஏறக்குறைய இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு ரூபாய்! வட தாய்லாந்தில், சியாங் மாய் ஆர்கேட் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில், கண்ணெல்லாம் சிவந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெளியூர்க்காரியிடம் வாய்க்கு வந்ததைக் கேட்கலாம் என்பது அவருடைய தொழில் அனுபவம். அந்த ஊரில் நகரப் பேருந்தைவிட இந்தச் சிவப்புச் சோங்தெவ் வண்டிகள்தான் அதிகம். பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட சிறு பிக்கப் லாரிகள். நகருக்குள் உள்ளூர்க்காரர்கள் 30 பாட்டை நீட்டிவிட்டுப் பேசாமல் இறங்கிப் போகிறார்கள். விலை விசாரிக்கிறவர்களுக்குத்தான் விலை ஏறும். நான் 60 பாட்டுக்குப் பேசி முடிப்பதற்குள் இரண்டு வண்டிகள் நிரம்பிப் போய்விட்டன. அந்த 60-ம் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

மிஷன் தொண்டராக அங்கே ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போய் வந்ததை விசா, பயணம், தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். அந்த வரிசை முதல் பத்தியிலேயே கலைந்துவிட்டது. இருக்கட்டும், கோபத்தை எல்லாம் முதலில் இறக்கிவிடுகிறேன்.

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு ரயிலில் 750 கிலோமீட்டர் சொச்சம். படுக்கை வசதியோடு இரவு ரயில்கள் இருக்கின்றன. எங்களை வரவழைத்த மிஷன் அமைப்போ சிக்கனம் பார்த்து மோ சிட் நிலையத்திலிருந்து இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தது. தலைக்கு மேலே இருந்த குளிர்காற்றுத் துவாரத்துக்கு மூடி இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதில் செய்தித்தாளைச் செருகி வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது என் மடியில் விழுந்தது. கொடுத்த போர்வை முழங்காலோடு நின்றுவிட்டது. நள்ளிரவில் ஓரிடத்தில் நிறுத்தி, டிக்கெட்டோடு வந்த கூப்பனுக்குக் கஞ்சி கொடுத்தார்கள். இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவிய சூடான அரிசிக் கஞ்சி. அந்த இரவில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். பக்கத்து இருக்கையில் கேரளத்திலிருந்து வந்த சக தொண்டர் குறட்டை விட்டுத் தூங்கினார். கிருபை பெற்றவர்.

விசா விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2023 நவம்பரிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமல் உள்ளே விட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, “டூரிஸ்ட் என்று சொல்லிப் போய்விடுங்கள், ஊழியத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று அறிவுரை சொல்கிற குழுக்கள் கிளம்பியிருக்கின்றன. வகுப்பெடுப்பது சுற்றுலா ஆகாது. சம்பளம் வாங்காத தொண்டராக இருந்தாலும் அதற்குரிய விசாவும் வேலை அனுமதியும் வாங்கிக்கொண்டு போவதுதான் முறை. சத்தியத்தை அறிவிக்கப் போகிறவர்கள் குடியேற்ற அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லித்தான் தொடங்க வேண்டுமா? எங்கள் அமைப்பு பஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணினாலும் இதில் ஒழுங்காக நடந்துகொண்டது. கடிதங்களுக்கும் முத்திரைகளுக்கும் அலைந்த செலவைத் தாங்கியவர்கள் எங்கள் சபையார். ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பாட்டிமார்கூட உண்டு. அதனால்தான் ஒவ்வொரு பாட்டையும் எண்ணி எண்ணிச் செலவு செய்தேன்.

தங்கியது ஒரு திருச்சபை நடத்துகிற மாணவர் விடுதியில். தாய்லாந்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இருக்கிறார்கள். வடக்கே அவர்களில் பலர் கரேன், லாஹு, ஆக்கா போன்ற மலைவாழ் மக்கள். மலைக் கிராமங்களில் மேல்வகுப்புகள் இல்லாததால் பிள்ளைகள் நகரத்து விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். எங்கள் விடுதியில் கரேன் பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் கரேன் மொழி, பள்ளியில் தாய்லாந்து மொழி, அதற்கும் மேல் மூன்றாவதாக ஆங்கிலத்தைச் சுமக்க வேண்டும். நமக்குக் கோடை விடுமுறையாக இருக்கும் மே மாத நடுவில் அங்கே முதல் பருவம் தொடங்குகிறது, மழையும் தொடங்குகிறது. பகலில் பக்கத்துப் பள்ளியிலும் சாயங்காலம் விடுதியிலும் வகுப்பெடுத்தேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் வகுப்புத் தலைவி எழுந்து உத்தரவு போட, மொத்த வகுப்பும் எழுந்து நின்று “குட் மார்னிங் டீச்சர்” என்று ராகம் போட்டது. நலமா என்றால் நலம், நன்றி, நீங்கள் நலமா என்று ஒரே மூச்சில் பதில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் கண்முன் வந்தது. அடுத்து நானாக ஒரு கேள்வி கேட்டேன். சுவர்ப் பல்லி சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. தப்பாகப் பேசினால் மானம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்குப் பேசத் தெரியாமையைவிடப் பெரிதாக இருந்தது.

உச்சரிப்பில் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் வரக்கூடிய மெய்யொலிகள் மிகக் குறைவு. கடைசி ‘ஸ்’ வாய்க்குள்ளேயே நின்றுவிடும், அல்லது ‘த்’ என்று அடங்கிவிடும். கடைசி ‘ல்’ ‘ன்’ ஆகிவிடும். ஃபுட்பால் ‘ஃபுட்பான்’ ஆவது அப்படித்தான். எனக்குச் சோறு பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் “ஐ லை ரை” என்பார்கள். ‘க்’கும் ‘ஸ்’ஸும் காணாமல் போயிருக்கும். கரும்பலகையில் கடைசி எழுத்தைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதி, அந்த ஒலி வரும்போது மேசையைத் தட்டச் சொன்னேன். லைக், தட். ரைஸ், தட். பத்து நிமிடத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டார். முதல் பெஞ்சில் ஒரு ஒல்லிப் பெண். செல்லப் பெயர் ஐஸ். தாய்லாந்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு செல்லப் பெயர் உண்டு, பேங்க், பால் (ஆங்கிலத்தில் பந்து) என்றுகூட வைத்துக்கொள்கிறார்கள். தன் பெயரின் கடைசி ஒலியைத் தானே அன்றுதான் முழுதாகச் சொன்னாள், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு கசப்பும் உண்டு. ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெள்ளைக்காரர்களை ‘ஃபராங்’ என்பார்கள். என்னைப் பார்த்த ஒரு பெற்றோர், ஃபராங் டீச்சர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து வருடக்கணக்கில் பிரமாதமாகப் பாடம் நடத்துகிற ஒரு அக்கா, “பழகிக்கொள்” என்றார். நான் பழகிக்கொள்ளவில்லை. எங்கள் குழுவில் வந்த அமெரிக்க வாலிபர் ஒருவர் கித்தார் மட்டும் வாசித்து வகுப்பை ஓட்டினார். பிள்ளைகள் அவரோடுதான் வரிசை கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ‘வாய் க்ரூ’ நடந்தது. ஆசிரியர்களுக்கு மாணவர்கள் வணக்கம் செலுத்துகிற சடங்கு. கல்வியாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் பள்ளிகளில் நடக்கிறது. ஆசிரியர்கள் மேடையில் உட்கார, பிள்ளைகள் முழங்காலிலேயே நகர்ந்து வந்து பூத்தட்டைக் கொடுக்கிறார்கள். தட்டில் என்ன இருந்தது தெரியுமா? இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல்! இட்லிப்பூ மொட்டின் ஊசிமுனை கூர்மையான அறிவுக்கு. குனிந்து நிற்கும் கத்தரிப்பூ பணிவுக்கு. எங்கே மிதித்தாலும் தழைக்கிற அருகம்புல் விடாமுயற்சிக்கு. எங்கள் வீட்டு வாசலில் யாரும் சீண்டாமல் கிடக்கிற மூன்றையும் வாழையிலைக் கிண்ணத்தில் அடுக்கி என் கையில் கொடுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. விடுதிப் பிள்ளைகள் அதற்கு முன் கரேன் மொழியில் நான்கு குரலில் ஒரு ஞானப்பாட்டுப் பாடினார்கள். எங்கள் பாடகர் குழுவை அங்கே ஒரு மாதம் அனுப்பி வைக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. ஆங்கில வகுப்பைத் தூண்டில் புழுவாக நினைக்கிற மிஷன் குழுக்கள் நிறைய இருக்கின்றன. பாதி நேரம் விளையாட்டு, மீதி நேரம் சாட்சி, இலக்கணம் பெயருக்கு. காசு செலவழித்து மலையிலிருந்து பிள்ளையை அனுப்பிய கரேன் அப்பாவுக்கு வேண்டியது மகள் தேர்வில் தேறுவது. ஆங்கிலம் என்று சொல்லி அழைத்தால் ஆங்கிலம்தான் கொடுக்க வேண்டும். வேத பாடம் வேண்டுமா, தனியாக நேரம் குறித்து, பெயர் சொல்லி அழையுங்கள், வருகிறவர்கள் வருவார்கள். எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் நடந்தது. புத்த மதத்துப் பிள்ளைகள் சிலரும் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். குழுக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது ஒருவர், பிறரை விசுவாசத்துக்குள் கொண்டுவரும் அக்கறை எனக்குப் போய்விட்டதோ என்ற தொனியில், “ஆத்தும பாரம் குறைந்துவிட்டதோ” என்றார். பாரம் குறையவில்லை ஐயா, பாடக் குறிப்பு எழுதிக் கை வலிக்கிறது.

அந்த ஊருக்கு முதலில் வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. அமெரிக்க மிஷனரி டேனியல் மெக்கில்வரியின் குடும்பம் 1867-இல் பாங்காக்கிலிருந்து படகில் மூன்று மாதம் ஆற்றை எதிர்த்துச் சியாங் மாய் வந்து சேர்ந்தது. (என் பஸ்ஸைப் பற்றிப் புலம்பியதை அவர்கள் மன்னிப்பார்களாக.) மலேரியாவுக்கான கொய்னா மருந்தும் அம்மைத் தடுப்பூசியும்தான் அவர் மக்களிடம் பழகிய வழி. 1868 ஆகஸ்டு 18 சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னதைப் பார்த்துத்தான் ‘நான் இந்தா’ என்ற பெயருடைய உள்ளூர்ப் பெரியவர் தம் பழைய நம்பிக்கைகளை ஐயுறத் தொடங்கினார். அவரே அங்கு முதல் விசுவாசி. நம் ஆந்திரத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஆராய்ந்ததும் இதே கிரகணத்தைத்தான். மறு வருடமே இரண்டு விசுவாசிகள் சியாங் மாய் அரசன் ஆணையால் கொல்லப்பட்டார்கள். மத சுதந்திர அறிக்கை 1878-இல் வந்தது. பழைய ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போகும்போது இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் கண் வேறு மாதிரி பார்க்கும்.

சாப்பாடு! காவ் சோய் சாப்பிடாமல் சியாங் மாயை விட்டு வரக்கூடாது. தேங்காய்ப்பாலில் மஞ்சள் மணக்கிற குழம்பு, அதில் முட்டை நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், மூழ்கிக் கிடக்கும் கோழிக்கால். பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குழம்பை உறிஞ்ச வேண்டும். சாதாரணக் கடையில் 50, 60 பாட். அதே கிண்ணம் பழைய நகரத்தின் தா ஃபே கோட்டை வாசல் பக்கம், ஆங்கில மெனுவும் அழகான விளக்கும் உள்ள இடத்தில், இரண்டு மடங்கு விலைக்கும் பாதி காரத்துக்கும் கிடைக்கிறது. போகாதீர்கள். விடுதியில் மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டிச் சுட்ட பச்சைமிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிடுவோம். நாள் முழுக்கக் கத்திய தொண்டைக்கு அது நல்லதல்ல, ஆனால் யார் கேட்டார்கள்?

செலவுக்கு வருகிறேன். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடித்துக்கொள்கிறார்கள். நான்கு கிண்ணம் காவ் சோய் போச்சு. ஆகவே எடுத்தால் மொத்தமாக எடுங்கள், இல்லையென்றால் ரொக்கமாகக் கொண்டு போய் நகரத்து மாற்றுக் கடையில் மாற்றுங்கள். விமான நிலையத்தில் மாற்ற வேண்டாம். பழைய ஆங்கிலப் புத்தகங்களை மூட்டை கட்டாதீர்கள், அங்கே அலமாரி நிறையத் தூசி படிந்து கிடக்கிறது. அந்த எடைக்கு எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப் போங்கள். நான் கொண்டு போன பாட்டில் முதல் வாரத்திலேயே ஒட்டரிசியோடு காலி. அடுத்த குழுவில் யார் வருவதாக இருந்தாலும் இரண்டு பாட்டில் என்று விடுதிச் சமையல்கார அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.