நாற்காலி யார் கணக்கு?

டெக்சஸில், தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே வைத்துக் கண்காணிக்கும் ஒரு புரொபேஷன் அலுவலகத்தில் கணக்கு பார்த்தபோது, எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது ஒரு நாற்காலி. ஒரு ஆபீசரின் நாற்காலி உடைந்துபோக, அவசரத்துக்கு மாநில நிதியிலிருந்து புதிதாக வாங்கிவிட்டோம், ஆடிட்டில் மாட்டிக்கொண்டோம். அங்கே சட்டப்படி கட்டடம், மேஜை நாற்காலி, கரண்ட் பில் எல்லாம் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகத்தின், பொறுப்பு. சம்பளமும் கண்காணிப்புச் செலவும் மாநில நிதியிலிருந்தும், புரொபேஷனில் இருப்பவர்கள் மாதாமாதம் கட்டும் கட்டணத்திலிருந்தும் வரவேண்டும். பணம் மாநிலத்துடையது, இயக்குநரை நியமிப்பது உள்ளூர் நீதிபதிகள், நாற்காலி கவுண்டியுடையது. மூன்று வீட்டு மாப்பிள்ளை கதைதான். கவுண்டியிடம் காசு வாங்கி மாநிலக் கணக்கில் திரும்பக் கட்ட எனக்கு நாலு மாதம் ஆனது.

எங்கள் மேல் மாநிலத்தின் கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டெக்சஸ் குற்றவியல் நீதித் துறைக்குள் இதற்கென்றே 1989 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. நிதியைப் பிரித்துக் கொடுப்பது, விதி வகுப்பது, ஆடிட் செய்வது எல்லாம் அவர்கள்தான். 2007இல் புதிய சிறைகளைக் கட்டிக்கொண்டே போகாமல், சிகிச்சைக்கும் மாற்று ஏற்பாடுகளுக்கும் சட்டமன்றம் சுமார் 24 கோடி டாலர் ஒதுக்கியது. அவ்வளவு பணம் கொடுத்தால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள், சரி.

எனக்கு உறுத்தியது வேறு. அடிப்படைக் கண்காணிப்பு நிதி தலைக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று வரும். அதிலும் சிறு குற்றங்களுக்கு 182 நாள்தான், அதற்குமேல் அதே ஆள், அதே ஆபீசர், அதே சந்திப்பு, மாநிலப் பணம் மட்டும் கிடையாது. ஒழுங்காக வந்து, ஒழுங்காகக் கட்டணம் கட்டி, யாருக்கும் தொல்லை தராதவரைத்தான் நீதிபதி முன்கூட்டியே விடுவிப்பார். ஆனால் அந்த மாதிரி ஆட்கள் கொண்டுவரும் பணத்தில்தான், வாரம் இரண்டு தடவை தேடிப் போகவேண்டிய ஆட்களின் செலவையும் சமாளித்துக்கொண்டிருப்போம். யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, பட்ஜெட் போடும்போது மட்டும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

ஒரு ஆகஸ்டில், நிதியாண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, விடுதலை உத்தரவு வாங்கிய ஒருவர் கடைசிக் கட்டணம் கட்ட வந்தார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கையை நீட்டினார். குலுக்கிவிட்டு வந்து, அடுத்த மாத எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தேன்.