மாரியும் 168 மணித்தியாலமும்

மலேசியாவின் பினாங்கில் ஓடிய மின்சுற்றுப் பலகை மெஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைக்க மூன்று கிழமை. கொழும்புத் துறைமுகத்தில் இறக்கி, ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து பூட்டவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நாங்கள் செய்வது மின்சுற்றுப் பலகைகள். சின்னச் சின்ன உறுப்புகளைப் பலகையில் வைத்து ஓவனுக்குள் விடுவோம். உறுப்புகளைப் பலகையோடு ஒட்டும் ஈயமில்லாத சோல்டர் உருக 217 பாகை வேண்டும், அதனால் ஓவன் 245 வரை போகும். சிப்பின் பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகி, சோளப்பொரி மாதிரி உள்ளே வெடிக்கும். எங்கள் சிப்புகள் பிளாஸ்டிக் நாடாச் சுருள்களாக, ஈரம் புகாத உறையில் வரும். உறை பிரித்து 168 மணித்தியாலத்துக்குள் ஓவனில் விட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கும் 30 பாகை, 60 வீத ஈரப்பதன் தாண்டாத அறைக்குத்தான். பினாங்கில் மழைக்கும் புழுக்கத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஏசி நின்றதேயில்லை. அறையைப் பற்றிய அந்த வரியை நான் படித்ததோடு சரி.

கார்த்திகை மாதம், இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும். ஏசிக்கு வேண்டாம், செலவு கூட என்று சொன்னது நான்தான். சோதனையில் பலகைகள் தோற்கத் தொடங்கின. இரண்டு நாள் ஓவன் சூட்டையே கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். கார்மென்ட்ஸிலிருந்து எங்களிடம் வந்த பிள்ளை ஒருத்திதான் சொன்னாள்: "சேர், மாரியில நாங்கள் துணியையே திறந்து போடமாட்டம். இந்தச் சுருளெல்லாம் வெள்ளிக்கிழமையில இருந்து மேசையில கிடக்குது."

உறைக்குள் வந்த ஈரங்காட்டி அட்டையும் அருகிலேயே கிடந்தது. புள்ளிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகி இருந்தன.

உலர்த்துவதும் லேசில்லை. 125 பாகையில் வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் சுருளின் பிளாஸ்டிக் நாடா தாங்காது. 40 பாகையில் நாட்கணக்கில் காத்திருந்தோம். அந்த நேரத்தில் பினாங்கு லைனில் இருந்த அக்காவுக்குப் போன் எடுத்தேன். "மிச்சத்தை அன்னைக்கே உலர்பெட்டியில போட்டுருவோமே தம்பி, யாரு வெளிய வைப்பா?" என்றார். பினாங்கிலிருந்து வந்த இரண்டு பெட்டிக் கோப்புகளில் இது எங்கேயும் இல்லை. எழுத வேண்டிய விஷயமென்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

இப்போது ஒவ்வொரு சுருளிலும் உறை பிரித்த நேரத்தை அந்தப் பிள்ளைதான் எழுதுகிறாள். ஏசியையும் ஜெனரேட்டரில் பூட்டிவிட்டோம். ஆனியில் சோளகக் காற்று தூசியோடு அடிக்கும், அதற்குக் கதவுகளை என்ன செய்யலாம் என்று இந்தமுறை அவளிடமே முதலில் கேட்டிருக்கிறேன்.