டிரஸ்ஸாஜ் சேடிலா, ஜம்பிங் சேடிலா? முதலில் அங்கவடி வாரின் துளையைப் பாருங்கள்

"அண்ணாச்சி, டிரஸ்ஸாஜ் சேடில் வாங்கவா, ஜம்பிங் சேடில் வாங்கவா?" என்று சேணம் வாங்கப் போகிறவர் கேட்பார். டிரஸ்ஸாஜ் என்றால் அரங்குக்குள் குதிரையைச் சீரான அசைவுகளில் நடத்தும் சவாரி, ஜம்பிங் என்றால் தடை தாண்டல். கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். கடைசி மூன்று மாதமாக, நீங்கள் கால் ஊன்றும் அங்கவடியின் வார் எந்தத் துளையில் நிற்கிறது? ஒரே துளையில் நின்றால், எந்தச் சேடில் என்பதை உங்கள் கால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினால் இன்னும் காலம் வரவில்லை. ஜி.பி. என்று சொல்லும் பொது உபயோகச் சேடிலே போதும்.

காரணம் இதுதான். சேடிலின் வடிவம் முழுக்க அங்கவடியின் நீளத்தை வைத்தே அமைகிறது. தடை தாண்டும்போது வார் குட்டை. முழங்கால் மடங்கி முன்னால் வரும். அதற்கு இடம் விட்டுத்தான் ஜம்பிங் சேடிலின் பக்க மடலை முன்னோக்கி வெட்டியிருப்பார்கள். பிட்டத்தைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோக வசதியாக இருக்கை தட்டையாக இருக்கும். டிரஸ்ஸாஜில் வார் நீளம், தொடை கிட்டத்தட்ட செங்குத்து. அதனால் மடல் நேராகத் தொங்கும், இருக்கை குழிந்திருக்கும். நெடுந்தூரச் சவாரிக்கான எண்டியூரன்ஸ் சேடில் வேறு கணக்கு. மணிக்கணக்காக ஓடும் குதிரைக்குப் பாரம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்று முதுகில் படும் அடித்திண்டை அகலமாக்கி, மொத்த எடையைக் குறைத்து, தண்ணீர்ப் புட்டி கட்ட வளையங்கள் வைத்திருப்பார்கள்.

இப்போது இருக்கும் ஜி.பி. சேடிலிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாரை மூன்று துளை குட்டையாக்கிப் பாய்ச்சல் நிலையில் நில்லுங்கள். முழங்கால் மடலைத் தாண்டி வெளியே போகிறதா? பிறகு நான்கு துளை நீளமாக்கி உட்காருங்கள். முட்டித் திண்டு தொடையை இடித்து உங்களை இருக்கையின் பின்பக்கம் தள்ளுகிறதா? இந்த இரண்டில் ஒன்று ஒவ்வொரு நாள் சவாரியிலும் தொந்தரவு செய்தால்தான் தனிச் சேடிலுக்குக் காரணம் இருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் இடிப்பது காரணமாகாது.

நம்ம பக்கத்துச் சவாரியை யோசித்துப் பாருங்கள். பாளையங்கோட்டையை விட்டு வெளியே வந்தால் மண்பாதை, தாமிரபரணிக் கரை, தெற்கே போனால் தேரி என்கிற செம்மணல் மேடு, உவரிப் பக்கம் கடற்கரை மணல். வேலி போட்ட அரங்கில் செலவாகும் நேரம் குறைவு, டிராட் என்கிற துள்ளுநடையில் நீண்ட தூரம் போவதுதான் அதிகம். அப்படிப் போகிறவர் டிரஸ்ஸாஜ் சேடில் வாங்குவது, வயலில் இறங்கப் பட்டு வேட்டி கட்டுவது மாதிரி. என் கணிப்பில், இங்கே பத்துப் பேரில் பாதிப் பேருக்கு உண்மையில் பொருந்துவது எண்டியூரன்ஸ் சேடில்தான். ஆனால் அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

இவ்வளவும் ஆளைப் பற்றி. குதிரையின் முதுகு இதையெல்லாம் கவிழ்த்துவிடும். இங்கே வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்கும் கலப்புகளுக்கும் பிடரி முடிகிற இடத்து எலும்பு மேடு பெரும்பாலும் கூர்மை, முதுகு குட்டை. சேடிலுக்கு எலும்புக்கூடு மாதிரி உள்ளே இருப்பது சட்டம். ஐரோப்பியக் குதிரையை நினைத்துச் செய்த அகலமான சட்டம் அதன்மேல் முன்பக்கம் அமுங்கி மேட்டில் உட்காரும். சட்டம் குறுகலாக இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு தோளைக் கிள்ளும். சேடிலுக்கு அடியில் விரிக்கும் நும்னாவைத் தடித்ததாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். குறுகலான சட்டத்துக்குள் இன்னும் துணியைத் திணித்தால் கிள்ளல்தான் கூடும்.

அளவு எடுப்பது சுலபம். கணக்கு வரைபடக்காரர்கள் வைத்திருக்கும் வளைகோல் ஒன்று போதும், இல்லாவிட்டால் வளைத்தால் அப்படியே நிற்கும் கெட்டிக் கம்பி. குதிரையைச் சமதளத்தில் நான்கு காலும் சமமாக நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்புக்கு இரண்டு விரல் பின்னால் ஒரு வளைவு, முதுகின் தாழ்ந்த இடத்தில் ஒன்று, கடைசி விலா எலும்பில் ஒன்று, முதுகின் நீளவாட்டில் ஒன்று. ஒவ்வொன்றையும் அட்டையில் வரைந்து வெட்டி, தேதி எழுதி வையுங்கள். கான்பூரிலிருந்து வரவழைப்பதானால் இந்த நான்கு அட்டைகளையும் படமெடுத்து முதலில் அனுப்புங்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ச் சேடில் என்பதால் மட்டும் உங்கள் குதிரைக்குப் பொருந்திவிடாது.

இருக்கை அளவில் இன்னொரு சிக்கல். ஆள் பெருத்தவர் 18 அங்குலம் கேட்பார். குட்டை முதுகில் அது கடைசி விலாவைத் தாண்டி இடுப்பில் போய் உட்காரும். அங்கே தாங்க விலா எலும்பு இல்லை. உட்கார்ந்த பிறகு உங்களுக்குப் பின்னால் நான்கு விரல் இடம் இருந்தால் போதும், அதற்குமேல் பெரிதாக எடுக்காதீர்கள். அதுவும் விலாவைத் தாண்டினால் வேறு குதிரை பார்ப்பதுதான் வழி.

13ஆம் நூற்றாண்டில் தாமிரபரணி முகத்துக் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது, கவனிக்கத் தெரிந்தவர் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். குதிரையைக் கவனிக்கத் தெரியாமல் காசைக் கொட்டும் பழக்கம் நம்ம கடற்கரைக்குப் புதிதில்லை.

விலைச்சீட்டில் இல்லாத செலவும் உண்டு. குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேடிலை இறுக்கும் பட்டைதான் கிர்த். டிரஸ்ஸாஜ் சேடிலில் அதை மாட்டும் பக்கிள் வார் நீளமாக வரும், ஏற்கெனவே இருக்கும் 48 அங்குலக் கிர்த் உதவாது. 22 முதல் 28 அங்குலம் வரையிலான குட்டைக் கிர்த் தனியாக வாங்க வேண்டும். நும்னாவும் அந்த மடலின் வெட்டுக்கு ஏற்றதாக வேண்டும்.

தோலா, சிந்தடிக்கா? ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் சேடில் நான்கே நாளில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக்கில் சுற்றி வைப்பதுதான் பெரிய தப்பு. பருத்தித் துணி போர்த்தி, காற்றோடும் அறையில் தாங்கியில் வையுங்கள். தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள். எண்ணெய் மிஞ்சினால் பட்டை இழுபடும், தையல் நூல் இற்றுப்போகும். வின்டெக் மாதிரி சிந்தடிக் சேடில்களில் முன்பக்க இரும்பை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மழைக்குப் பின் புல் மேய்ந்து கொழுத்து, சித்திரையில் இளைக்கும் குதிரைக்கு இது பெரிய வசதி. அடித்திண்டில் கம்பளி அடைத்திருந்தால் பிரித்துத் திருத்தலாம், நுரைப்பஞ்சு என்றால் முடியாது.

பழைய சேடில் என்றால் சட்டத்தைச் சோதிக்காமல் காசைக் கையில் எடுக்காதீர்கள். சேடிலின் முன்மேட்டை உங்கள் இடுப்பில் முட்டுக்கொடுத்து, பின்மேட்டை இரு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். லேசான விறைப்பான அசைவு சரி. நடுவில் மடிந்தாலோ கிரீச்சென்றாலோ சட்டம் உடைந்தது. இரண்டு கைகளாலும் முன்பக்கத்தைப் பிடித்து நெரித்தும் பாருங்கள். அடியில் நடுக்கால்வாய் முழுநீளமும் மூன்று விரலாவது நுழைய வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் உத்தரவாதம் இல்லாமல் வாங்க வேண்டாம். வந்ததும் சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை அடியில் போட்டு 40 நிமிடம் ஓட்டிவிட்டு வேர்வைத் தடத்தைப் படியுங்கள். முன்னும் பின்னும் ஈரம், நடுவில் காய்ந்திருந்தால் சேடில் பாலம்போல் இரண்டு முனையில் நிற்கிறது. முன்மேட்டின் இருபுறமும் மட்டும் உள்ளங்கையளவு காய்ந்திருந்தால் அங்கே விரலால் அழுத்துங்கள். குதிரை சுளித்தால் சட்டம் குறுகல். தேரிப் பக்கம் போய்வந்த நாளில் இந்தச் சோதனை வேண்டாம். அந்தச் செம்மணல் துணிக்கடியில் புகுந்து அரைத்துவிட்டால், சேடிலால் வந்த புண்ணா மணலால் வந்த புண்ணா என்று சொல்ல முடியாது.