பேட்டரி போலாரிட்டியும் எர்த்தும்: தேர்வுக்கு நான் படித்த விதம்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் தேர்வுக்குப் படிக்கிற பலரும், சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், நெகட்டிவ் பாடியில் சேரும் என்று மனப்பாடம் பண்ணிவிட்டு இந்தப் பாடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். கேள்வி அப்படி வருவதில்லை. "ஒரு ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிகிறது, பல்பு புதிது, பேட்டரி சரி, எங்கே பார்ப்பாய்?" என்றுதான் வரும். நேர்முகத்தில் இன்னும் நேராகக் கேட்பார்கள்.

எனக்கு உதவியது ஒரே பழக்கம். எந்த சர்க்யூட்டைப் படித்தாலும் கரன்ட் போகிற வழியோடு திரும்பி வருகிற வழியையும் சேர்த்துக் கையால் வரைந்துவிடுவேன். டயகிராமில் எர்த் (கரன்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) குறியோடு கோடு முடிந்துவிடும், கண்ணும் அங்கேயே நின்றுவிடும். நிற்க விடாதீர்கள். பல்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து எர்த் ஸ்ட்ராப் என்ற தடித்த இணைப்புக் கம்பி, அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை கோட்டை இழுத்து முடியுங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் கம்பி பாதுகாப்புக்கு, சாதாரணமாக அதில் கரன்ட் ஓடாது. வண்டியிலோ போன கரன்ட் அத்தனையும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதனால் போகிற வயருக்குக் கொடுக்கிற அதே மரியாதையை பாடிக்கும் கொடுக்க வேண்டும்.

இனி கணக்கு, இதை மட்டும் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். துருப்பிடித்த ஒரு எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும், அப்போது அந்த இணைப்பில் இழப்பது 0.05 வோல்ட்கூட இல்லை, லைட் பளிச்சென்று எரியும். அதே வழியில் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். லைட் நன்றாக எரிந்தும் செல்ஃப் மட்டும் திணறுவது ஏன் என்று கேட்டால் இந்த இரண்டு வரிக் கணக்கே பதில். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இதைப் பிடிக்க முடியாது, மீட்டரின் புரோப் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். செல்ஃப் போட்டு எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரி நெகட்டிவ் முனையிலும் எஞ்சின் பிளாக்கிலும் புரோப் வைத்து வோல்ட் பாருங்கள், பொதுவாக 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே தனி ஸ்ட்ராப் தேவை என்பதையும் இந்த இடத்திலேயே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் பல்பும் சேர்ந்து மங்கலாக எரிகிறது என்பது இன்னொரு கேள்வி. பின்பக்க விளக்கின் பொது எர்த் விட்டுப்போனால், திரும்ப வழியில்லாத கரன்ட் இன்னொரு பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு எர்த்தைத் தேடிப் போகும். வரைந்து பழகியவர்களுக்கு இது உடனே தெரியும்.

சரி, போலாரிட்டிக்கு, அதாவது எந்த முனை பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பதற்கு வருவோம். நெகட்டிவ்தான் எர்த் ஆக இருக்க வேண்டும் என்று இயற்கை விதி எதுவும் இல்லை. அமெரிக்க ஃபோர்டு கார்கள் 1955 வரை பாசிட்டிவ் எர்த், பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1967இல்தான் நெகட்டிவுக்கு மாறியது. ஆகவே எது தலைகீழானால் எது கெடும் என்று பொருள் பொருளாக யோசிக்க வேண்டும். இழை பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். நிரந்தரக் காந்த மோட்டார் திசை மாறிச் சுற்றும். சீரிஸ் சுருள் கொண்ட செல்ஃப் மோட்டாரில் ஃபீல்டும் (நிலையாக நிற்கும் சுருள்) ஆர்மேச்சரும் (சுழலும் சுருள்) சேர்ந்தே மாறுவதால் அது பழைய திசையிலேயே சுற்றும், இந்தக் கேள்வியில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் உள்ள, கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடுகள்தான் பாவம். வழக்கமாகத் தடுத்து நிற்கும் அவை, பேட்டரியை மாற்றிப் போட்டதும் கடத்தத் தொடங்கி நேரடி ஷார்ட் ஆகிவிடும், மெயின் ஃபியூஸ் முந்திக்கொண்டால்தான் தப்பும்.

நெகட்டிவ் எர்த் வண்டியில் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால், அந்த ஸ்பேனரே சுற்றை முடித்துவிடும். வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டிலும் கடைசி கிளிப்பை இறங்கிய பேட்டரியின் நெகட்டிவ் முனையில் போடாமல், தள்ளி எஞ்சின் பிளாக்கில் போடுகிறோம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும், கடைசி இணைப்பில் பொறி பறக்கும், இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. பிளாக்கில் போட்டால் கரன்ட் திரும்பும் வழி எப்படி முழுமையாகிறது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், செல்ஃப் மோட்டாரின் எர்த்தே அந்த பிளாக்தான்.