போகோட்டா போனால் ஞாயிறு உள்ளூரில் இருங்கள்

கொலம்பியா போகிறவர்கள் தலைநகர் போகோட்டாவை ஒரே நாளில் முடித்துவிட்டுக் கடற்கரை ஊர்களுக்குப் பறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிறாவது அங்கே இருங்கள்.

ஞாயிறு காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள், ஸ்கேட்டிங், நடை என்று ஊரே தெருவில் இறங்கிவிடும். 'சிக்லோவியா' என்று பெயர், 1970-களிலிருந்து நடக்கிறது. ஒரு பெருநகரம் தன் சாலைகளை மக்களிடம் வாராவாரம் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம் தங்க அருங்காட்சியகம். அங்கே முயிஸ்கா என்ற அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் செய்த பொன் தோணியை நிதானமாகப் பாருங்கள். நீளம் 20 சென்டிமீட்டர்கூட இருக்காது. நடுவில் தலைவன், சுற்றிலும் சின்னச் சின்ன ஆட்கள், எல்லாம் மெழுகில் உருச் செய்து, அதை வைத்துப் பொன்னில் வார்த்தவை. குவாதவீத்தா ஏரியில் புதுத் தலைவன் பொன்னைக் காணிக்கையாக இடும் சடங்கு அது என்கிறார்கள். பொன் கொழிக்கும் நாடு எங்கோ இருக்கிறது என்ற எல் டொராடோ கதை கிளம்பியதும் அந்தச் சடங்கிலிருந்துதான்.

கொலம்பிய ஓவியர் பொதேரோவின் அருங்காட்சியகம் பக்கத்திலேயே, லா கான்டலேரியா என்ற பழைய நகரப் பகுதியில். அனுமதி இலவசம்.

மதியச் சாப்பாட்டுக்கு அஹியாக்கோ: கோழி, மூன்று வகை உருளைக்கிழங்கு, சோளம் போட்டுக் கொதிக்கும் கெட்டி சூப். குவாஸ்காஸ் என்ற இலைதான் அதன் வாசமே.

ஊரே 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொன்செராத்தே குன்று 3,152 மீட்டர். மூச்சு வாங்கும். அதனால் முதல் நாளே ஏறாதீர்கள், ரோப் காரில் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.