சொஃப்ட்னர் குழியில் மிஞ்சியிருப்பது தண்ணீரா, சொஃப்ட்னரா?

உடுப்புக் கழுவி முடிந்து லாச்சியை இழுத்தால், உடுப்பை மென்மையாக்கும் சொஃப்ட்னரை ஊற்றுகிற, பூப்படம் போட்ட குழி நிரம்பியபடியே கிடக்கிறது. முன்பக்கக் கதவு வைத்த வோஷிங் மெஷின் உள்ள வீடுகளில் அடிக்கடி வரும் கரைச்சல் இது. ஆளைக் கூப்பிட்டு வால்வை மாற்றச் சொல்வதற்கு முதல், குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஊற்றியதுபோலவே தடிப்பாக, வழுவழுவென்று இருந்தால் அந்தக் குழிக்குத் தண்ணீர் வரவே இல்லை. கலங்கிய பால்போல நீர்த்துப்போயிருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது, இறங்கத்தான் வழியில்லை. இந்த இரண்டுக்கும் கைவைக்க வேண்டிய இடம் வேறு வேறு.

முதலில் அந்தக் குழி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். அதன் நடுவில் சின்னப் புகைபோக்கி மாதிரி ஒரு குழல் நிமிர்ந்து நிற்கும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்ந்திருக்கும். மூடியின் கீழ் விளிம்பில் உள்ள இடைவெளியால் சொஃப்ட்னர் உள்ளே போகும். ஆனால் குழலின் உச்சியைத் தாண்டும் வரைக்கும் ஒரு துளிகூடக் கீழே விழாது. இதற்கு மேல் ஊற்றக்கூடாது என்று காட்டும் மெக்ஸ் (MAX) கோட்டை அந்த உச்சிக்குக் கொஞ்சம் கீழே போட்டிருப்பது அதற்காகத்தான். கடைசி அலசலில் மெஷின் குழிக்குள் தண்ணீர் விடும்போது மட்டம் உச்சியைத் தாண்டும், விழத் தொடங்கிய நீர் மிச்சத்தையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். கலனிலிருந்து ரப்பர் குழாயால் மண்ணெண்ணெய் இறக்குவதும் இதே முறைதான். ஆகவே, முடிந்த பிறகு அடியில் சில மில்லிமீற்றர் தண்ணீர் நிற்பது பழுது அல்ல. உறிஞ்சல் மூடியின் விளிம்போடு அறுந்துவிடும், அதற்குக் கீழே இருப்பதை இழுக்காது.

தண்ணீர் தேங்கியிருந்தால் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குழி விளிம்பு வரைக்கும் நிரம்பிப் பக்கத்துக் குழிக்கும் வழிந்திருந்தால் குழல் அடைத்திருக்கிறது. குழலின் உச்சி மட்டத்தில் சரியாக நின்றால் அடைப்பு இல்லை, மூடிக்குள் காற்று போகிறது. மூடியில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம், அல்லது அது முழுக்க அமரவில்லை. காற்று புகுந்தால் உறிஞ்சல் பிடிக்காது, வழிந்தது மட்டும் போகும். வெடித்த மூடியைப் பசை போட்டு ஒட்டுவது நிலைக்காது. மொடல் இலக்கத்தைச் சொல்லி மூடியை மட்டும் தனியாக வாங்கப் பாருங்கள்.

லாச்சியைக் கழற்ற அதை முட்டும்வரை இழுத்து, சொஃப்ட்னர் குழிக்குள் அல்லது அதன் பின்பக்கம் உள்ள அமத்தும் நாக்கை அமத்தியபடி தூக்க வேண்டும். மூடியை நேராக மேலே இழுத்தால் கழன்று வரும். வராவிட்டால் காய்ந்த சொஃப்ட்னர் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நெம்பாதீர்கள், குழல் அடியோடு முறியும். வாளியில் கை பொறுக்கும் சுடுதண்ணீர் எடுத்து 20 நிமிடம் லாச்சியோடு ஊறவிடுங்கள். 40 முதல் 50 பாகை போதும். கொதிதண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்து, பிறகு லாச்சி ஓடாது.

குழலுக்குள் ஊசியோ கம்பியோ விட வேண்டாம். ஓர் ஈர்க்கில் எடுத்து மேலிருந்தும் கீழிருந்தும் விடுங்கள். வெள்ளை நிறத்தில், சவர்க்காரக் களி மாதிரி ஒன்று சுருண்டு வரும். மூடியின் உட்புறத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அடைப்பு பெரும்பாலும் மூடியின் உட்கூரையில்தான் பிடித்திருக்கும், குழலை மட்டும் குத்திவிட்டு மூட்டினால் ஒரு கிழமையில் திரும்ப வரும்.

மூட்டுவதற்கு முதல் தொட்டிக்கு மேலே ஒரு சோதனை செய்யுங்கள். லாச்சியை மட்டமாகப் பிடித்து, மெக்ஸ் கோடு வரைக்கும் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். அடியில் சொட்டக்கூடாது. இப்போது ஒரு கப் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். முதலில் இரண்டு மூன்று துளி, பிறகு தடித்த ஒரு தாரை, கடைசியில் “களக்” என்று காற்று இழுக்கும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் லாச்சி சரி. இனியும் மெஷினுக்குள் வேலை செய்யாவிட்டால் குற்றம் லாச்சியில் இல்லை.

லாச்சி போகும் பெட்டியின் உட்கூரையை டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயுள்ள ஓட்டைகளால்தான் தண்ணீர் விழுகிறது. கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றும் வீடுகளில் இந்த ஓட்டைகளில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாய்ப் பிடித்திருக்கும். வினாகிரியில் அல்லது தேசிக்காய்ப் புளியில் நனைத்த துணியை அரை மணித்தியாலம் ஒட்டிவைத்துப் பிறகு பிரஷ்ஷால் தேய்த்தால் இளகும். அதே நேரத்தில் குளோரின் கலந்த வெளுப்பானைப் பாவிக்கவே கூடாது, புளியோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

இனி, சொஃப்ட்னர் ஊற்றியபடியே இருக்கும் வகை. நம் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் தண்ணீர் அமுக்கம்தான். பல மெஷின்களில் சொஃப்ட்னர் குழிக்கென்று தனி வால்வு கிடையாது. முன்கழுவல் வால்வும் பிரதான கழுவல் வால்வும் ஒன்றாகத் திறக்கும்போது இரண்டு தாரைகளும் மோதித் திசை திரும்பி நடுக் குழிக்குள் விழும். அமுக்கம் குறைந்தால் தாரைகள் மோதுவதற்கு முன்னரே தொய்ந்து பக்கத்துக் குழிகளுக்குள் விழுந்துவிடும். கழுவலும் அலசலும் வழமைபோல நடக்கும், சொஃப்ட்னர் மட்டும் அசையாது. அதனால்தான் பலருக்கு அமுக்கத்தின்மேல் சந்தேகமே வருவதில்லை.

10 மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அமுக்கம் தரும். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்த அளவாக 0.5 பார், அதாவது 0.05 மெகாபாஸ்கல், போட்டிருக்கும். அதற்குத் தாங்கியின் நீர்மட்டம் மெஷினின் பின்பக்க வாயிலிருந்து 5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டின் கூரைத்தட்டில் வைத்த தாங்கி 2 அல்லது 3 மீற்றர்தான் கொடுக்கும். தாங்கி நிறைந்திருப்பதற்கும் அடியில் கிடப்பதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீற்றர் வித்தியாசம். இருப்பதே மூன்று மீற்றர் என்றால் அதில் மூன்றில் ஒன்று அது. காலையில் சொஃப்ட்னர் இறங்குகிறது, பின்னேரம் இறங்கவில்லை என்று சொல்பவர்கள், தாங்கி நிறைந்த நேரத்தில் ஒருதரம் கழுவிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

மெஷினின் ஹோஸைக் கழற்றி, பைப்பை முழுக்கத் திறந்து 10 லீற்றர் வாளியை நிரப்புங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வரத்து போதாது. பம்ப் வாங்க ஓடாதீர்கள். பாதி திறந்த கேட் வால்வு, மடிந்த ஹோஸ் இரண்டையும் முதலில் பாருங்கள். அடுத்தது மெஷினின் பின்பக்கம் ஹோஸ் பூட்டும் வாய்க்குள் இருக்கும் சிறு வலை. அதை நடுவிலுள்ள முனையில் குறட்டால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். கிணற்று மணலும் தாங்கியின் பாசியும் அங்கேதான் சேரும். கழுவித் திரும்பப் போட மறக்க வேண்டாம், வலையில்லாமல் ஓடினால் மணல் வால்வுக்குள் போய் வால்வு மூடாமல் நின்றுவிடும். இவ்வளவும் செய்தும் வரத்து குறைவென்றால் சிறிய பூஸ்டர் பம்ப் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம்.

அமுக்கம் நன்றாக இருந்தும் குழிக்குத் தண்ணீர் வராவிட்டால்தான் வால்வு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பைப்பையும் பூட்டிய பிறகே மேல் தகட்டைத் திறக்க வேண்டும். 230 வோல்ற் வால்வுச் சுருளின் தடை பொதுவாக 3 முதல் 5 கிலோஓம். தடையை அளக்கும் மல்ட்டிமீற்றர் முடிவிலி காட்டினால் சுருள் எரிந்துவிட்டது. அதற்கு முதல் வயர் மாட்டும் தகட்டைப் பாருங்கள். கடற்காற்றில் அது பச்சை பிடித்திருந்தால் சுத்தமாக்கி மாட்டினாலே போதும். மீற்றர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தை மின்வேலை தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

அடைப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு நம் வெயிலும் ஒரு காரணம். கச்சான் வீசும் மாதங்களில், குழியில் மிஞ்சிய சொஃப்ட்னரின் நீர் ஆவியாகிப் பசையாக இறுகும். இன்னொன்று, சொஃப்ட்னரும் சலவைத்தூளும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை, சேர்ந்தால் கரையாத களியாகத் திரியும். தூளை மாறி இந்தக் குழிக்குள் போட்டால் ஒரே நாளில் அடைக்கும். தடித்த சொஃப்ட்னர் என்றால் வேறு பாத்திரத்தில் அதேயளவு தண்ணீர் கலந்து, மெக்ஸ் கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினாலோ லாச்சியை அடித்து மூடினாலோ உறிஞ்சல் அப்போதே தொடங்கி, சொஃப்ட்னர் முதல் கழுவலிலேயே போய்விடும். துவாய்களுக்கு ஒவ்வொரு முறையும் போட வேண்டாம், நீர் உறிஞ்சுவது குறையும்.

மேலால் திறக்கும் மெஷின்களில் இந்தக் குழல் பெரும்பாலும் இல்லை. தொட்டி சுழலும் வேகத்தில் சொஃப்ட்னர் வெளி அறைக்கு ஏறி, சுழற்சி நின்றதும் கீழே இறங்கும். இடைச் சுழற்சியில் மூடியைத் திறந்து நிறுத்தினால் அது நேரத்துக்கு முந்தி இறங்கிவிடும்.

அமுக்கத்தைக் கூட்ட வழியே இல்லாத வீட்டில், கடைசி அலசலுக்கு மெஷின் தண்ணீர் எடுத்து முடித்ததும் லாச்சியை மெதுவாகத் திறந்து, சொஃப்ட்னர் குழிக்குள் ஒரு கப் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். “களக்” சத்தம் கேட்டதும் லாச்சியை மூடிவிடலாம்.