குளியலறை ஸ்டூல்: பசையை வேகவைத்துப் பார்த்தேன்

போன வருடம் தேக்கில் ஒரு குளியலறை ஸ்டூல் செய்தேன். நான்கு கால், எல்லாமே கழுந்தும் துளையுமாகப் போட்ட இணைப்பு (ஒரு துண்டின் நுனியில் செதுக்கிய முளையான கழுந்து, இன்னொன்றின் துளைக்குள் இறங்கும்), ஒரு ஆணிகூட இல்லை. எட்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் ஒரு கால் ஆடுகிறதே என்று பிடித்து இழுத்தால் கழுந்து முழுசாக வெளியே வந்துவிட்டது. மரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதன் மேலிருந்த பசைதான் ஊறிப்போன சோப்பு மாதிரி வெளுத்து, நகத்தால் வழித்தாலே வருகிற பதத்தில் இருந்தது. டப்பாவில் ‘நீர் தாங்கும்’ என்றுதான் போட்டிருந்தது.

எவ்வளவு நீர், எத்தனை நேரம் என்பது அந்த வார்த்தையில் இல்லை. அதற்கு டப்பாவில் போட்டிருக்கும் தர எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 204, மரப்பசைகளை டி1 முதல் டி4 வரை பிரிக்கிறது. டி1 உலர்ந்த இடத்துக்கு மட்டும். டி3 என்றால் ஒட்டிய துண்டை நான்கு நாள் குளிர்ந்த நீரில் போட்டு, ஈரத்தோடே இழுத்தாலும் சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் தாங்க வேண்டும். டி4 அதே ஊறலுக்குப் பிறகு 4 நியூட்டன் தாங்க வேண்டும், அது போக 6 மணி நேரம் கொதிநீரில் கிடந்து, 2 மணி நேரம் குளிர்நீரில் ஆறிய பிறகும் 4 தாங்க வேண்டும். அமெரிக்க டப்பாக்களில் வகை 1, வகை 2 என்று இருக்கும், அதில் வகை 1தான் கொதிக்கவைக்கும் சோதனையில் தேறியது. இவ்வளவு தேறிய டி4 பசையையும் வெளியில் வெயில் மழையில் வைப்பதானால் மேலே பூச்சு வேண்டும், எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பொருளுக்கு அது சரிப்படாது. என் பழைய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எண்ணே இல்லை.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று மிச்சமிருந்த தேக்குத் துண்டுகளை எடுத்தேன். பழைய வெள்ளைப் பசை, டி3, டி4, பாலியூரித்தேன், இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி என ஐந்து பசை, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜோடி. ஒரு வாரம் காயவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பிறகு சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் நான்கு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

வெள்ளைப் பசை கொதிக்கும் வரைகூடப் போகவில்லை, பச்சைத் தண்ணீரிலிருந்து எடுத்ததுமே கையால் திருகப் பிரிந்தது. டி3 அந்த ஒரு நாளைத் தாங்கியது, கொதிநீரில் இரண்டு ஜோடி விட்டுப்போயின. டி4 மூன்றும் பிழைத்தன, உளியை வைத்துத் தட்டியபோது பசைக்கோட்டில் பிளக்காமல் பக்கத்து மரம் சிராயாகப் பெயர்ந்தது. எனக்கு வேண்டியது அதுதான். பாலியூரித்தேனும் நின்றது. ஆனால் அது ஈரத்தை வாங்கி நுரைத்துப் பொங்கி இறுகுகிற பசை, அந்த நுரைக்குப் பலம் கிடையாது. இடைவெளியை நிரப்பியது போலக் கண்ணுக்குத் தெரியும், உள்ளே வெறும் காற்றுக்குமிழ்கள்தான். கையுறை இல்லாமல் தொட்டால் விரலில் கறை நாள்கணக்கில் இருக்கும்.

எபாக்ஸிதான் யோசிக்க வைத்தது. சூடாக இருக்கும்போதே பிரித்துப் பார்த்த ஜோடி சுலபமாக வந்துவிட்டது, ஆறவிட்டுப் பிரித்த ஜோடி அசையவே இல்லை. சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும் என்று படித்திருந்தேன், அதைக் கையாலேயே உணர்ந்தது அன்றைக்குத்தான். குளியலறையில் அவ்வளவு சூடு வராது. உச்சி வெயிலில் நிற்கும் கருநிற மேஜைக்கு என்றால் யோசிப்பேன்.

தேக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதன் எண்ணெய்ப் பிசுக்கு. ஒட்டும் முகத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அசிட்டோன் ஆவியாகிப் பறந்ததும் தாமதிக்காமல் பசை போட வேண்டும். காலையில் துடைத்துவிட்டு மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். துடைக்காமல் டி4 போட்ட ஒரு ஜோடியையும் தனியாக வைத்திருந்தேன், அதில் பசைக்கோடே சுத்தமாக விட்டுவந்தது. எவ்வளவு நல்ல பசையாக இருந்தாலும் மரத்தின் முகம் தயாராக இல்லாவிட்டால் ஒட்டாது.

ஸ்டூலுக்கு டி4தான் என்று முடிவானது. பெரிய வேலை பழைய பசையை எடுப்பது, ஏனென்றால் காய்ந்த பசையின் மேல் புதிய பசை மரத்துக்குள் இறங்க வழியில்லை. வெதுவெதுப்பான வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி வைத்து, இளகியதும் உளியால் சுரண்டி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டேன். சுரண்டியதில் ஒரு துளை மட்டும் பெரிதாகிக் கழுந்து லொடலொடவென்று ஆடியது. டி4 மாதிரியான பசை மெல்லிய கோடாக இருந்தால்தான் பலம், இடைவெளியை நிரப்பாது. அதனால் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் எபாக்ஸியில் மெல்லிய மரத்தூள் கலந்து போட்டேன். எபாக்ஸியைக் கிளாம்ப் வைத்து நெரிக்கக்கூடாது, எல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும். மற்ற கழுந்துகள் கை அழுத்தத்திலேயே இறங்கின. சுத்தியல் கேட்கிற அளவு இறுக்கமாக இருந்தால் உள்ளே போகும்போதே பசையை வழித்துத் தள்ளிவிடும்.

பசை போட்டுப் பூட்ட எனக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது, அதனால் முதலில் பசையே இல்லாமல் ஒரு தடவை முழுசாகப் பூட்டிப் பார்த்து, கிளாம்ப் எது எங்கே என்று தரையில் வரிசையாக வைத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் ஒட்டவே ஒட்டாதீர்கள். கழுந்திலும் துளையின் சுவரிலும், இரண்டு பக்கமும் பூசினேன். பிதுங்கியதை உடனே ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நுண்துளைகளுக்குள் தேய்ந்துபோய், பின்னால் எண்ணெய் பூசும்போது வெள்ளைத் திட்டாகத் தெரியும். அரை மணி கழித்து ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவினேன், நாடாவாக உரிந்து வந்தது. இரும்புக் கிளாம்ப் படும் இடங்களில் பிளாஸ்டிக் தாள் வைத்தேன், இல்லாவிட்டால் ஈரப்பசையும் இரும்பும் சேர்ந்து மரத்தில் கருங்கறை விழும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, ஒரு வாரம் வரை தண்ணீர் காட்டவில்லை.

கடைசியாகக் கால்களின் அடிப்பக்கம். குறுக்காக வெட்டிய முகம் என்பதால் தண்ணீரை அங்கிருந்துதான் உறிஞ்சும், கழுந்து வரை ஈரம் ஏறுவதும் அந்த வழியில்தான். அங்கே எபாக்ஸியை மெல்லிசாக இரண்டு தடவை தடவி அடைத்தேன். மற்ற இடமெல்லாம் எண்ணெய்தான்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது, தினமும் நனைகிறது. நேற்று தலைகீழாகப் புரட்டி ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், எங்கும் அசைவில்லை, பசைக்கோட்டில் வெளுப்பும் இல்லை. இருக்கைப் பலகையின் ஓரத்தில் மட்டும் எண்ணெய் மங்கியிருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டு இன்னொரு கை பூச வேண்டும்.